பின்னச்சுக் கூடும் சுருங்கும் இரும்பும்

சற்றே நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு பயிலும் ஆய்வு மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன். பற்றவைப்புத் தொழிலை அறிந்தோர் பிழை கண்டால் திருத்த வேண்டுகிறேன்.

புனேயை அடுத்த சாக்கனில், நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் சென்ற மழைக்காலத்தின் சில வாரங்களைக் கழித்தேன். அங்குள்ள மூத்த வெல்டர் சேலம் மாவட்டத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக அவ்வூரிலேயே தொழில் செய்பவர். ஒரு நாள் காலையில் நான் சென்றபோது, காரொன்றின் பின்னச்சுக் கூடு கழற்றப்பட்டு இரண்டு மரக்கட்டைகளின்மேல் கிடந்தது. சக்கரங்களைச் சுழற்றும் அச்சுத்தண்டுகளையும் பல்சக்கரங்களையும் உள்ளடக்கிய எஃகுக் குழாய் அது. பட்டறைப் பேச்சில் 'ஹவுசிங்'. அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் கம்பியின் பிராக்கெட் முன்பொருமுறை பிய்ந்து, எங்கோ பற்றவைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு ஒரு பக்கத்து எண்ணெய்த் தடுப்பு வளையம் ஒழுகத் தொடங்கி, பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது.

"சீல்தானேண்ணே ஒழுகுது? மாத்தினா சரியாயிடாதா?" என்று கேட்டேன்.

"மூணு தரம் மாத்தியாச்சாம் சார். சீல் மேல தப்பு இல்ல. கூடு வளைஞ்சிருக்கு. பிராக்கெட்ட ஒரே இழுப்பா ஓட்டிவிட்டிருக்காங்க."

கூட்டின் இரு முனைகளுக்கும் நேராக நூல் பிடித்துக் காட்டினார். உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாத வளைவு. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும். அந்த 2 மில்லிமீட்டரால் அச்சுத்தண்டு தடுப்பு வளையத்தில் சற்றே சாய்ந்து சுழல்கிறது; வளையத்தின் உதடு ஒரு பக்கமாகத் தேய்கிறது; எண்ணெய் பிரேக்குக்குள் இறங்குகிறது. மலைப்பாதையில் இறங்கும் வண்டியில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அன்று முதல் என்னைத் தொடரும் கேள்வி இது: இந்த 2 மில்லிமீட்டரைத் தவிர்க்கும் அறிவு எங்கிருந்து வந்தது? பற்றவைப்பின் வரலாறு காப்புரிமைகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. 1885-இல் பெனார்டோஸும் ஓல்செவ்ஸ்கியும் பதிவுசெய்த கரிமுனை மின்வில், 1888-இல் ஸ்லாவியானோவின் உலோக மின்முனை, 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஷெல்பெரியின் பூச்சுப் பூசிய கம்பி எனப் பட்டியல் நீளும். இவை யாவும் இரண்டு இரும்புகளை எவ்வாறு ஒட்டுவது என்பதன் வரலாறு. ஒட்டிய பிறகு அவை ஏன் கோணுகின்றன, கோணாமலிருக்க என்ன செய்தார்கள் என்பதற்குப் பாடநூல்களில் ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே அரிது.

சூடேறி ஆறும் இரும்பு சுருங்கி இழுக்கும் என்பதை மனிதர் பற்றவைப்புக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். அறிந்திருந்ததோடன்றி, அதனிடம் வேலையும் வாங்கினர். நம் ஊர்களில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சக்கரத்தின் சுற்றளவை உருட்டி அளந்து, அதைவிடச் சற்றே சிறியதாக இரும்பு வளையத்தைச் செய்வார்கள். வரட்டியைச் சுற்றிலும் அடுக்கி வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி, நான்கைந்து பேர் குறடுகளால் தூக்கிவந்து மரச்சக்கரத்தின்மேல் இறக்கி அடித்துப் பொருத்தியதும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். வளையம் சுருங்கும்போது வட்டையின் துண்டுகளும் ஆரக்கால்களும் நடுவிலுள்ள குடமும் முறுமுறுவென்று ஓசையிட்டு இறுகும். ஆணியும் பசையும் செய்ய முடியாததைச் சுருக்கம் செய்துவிடும். இரயில் எஞ்சின்களின் சக்கரங்களுக்கு எஃகு வளையம் ஏற்றியதும் இதே முறையில்தான். விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவாகக் கடைந்து, சூடேற்றிப் பொருத்தி, ஆறவிடுவார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் நடந்த ஒன்றையும் இங்கே சேர்க்கலாம். கலை-தொழில் காப்பகக் கட்டடத்தின் சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியபோது, அங்குப் பொறுப்பிலிருந்த மொலார், எதிரெதிர்ச் சுவர்களை ஊடுருவும்படி இரும்புக் கம்பிகளை மாட்டினார். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கம்பிகளைச் சூடேற்றி, அவை நீண்டதும் வெளிப்புறத் திருகுகளை முடுக்கி, ஆறவிட்டார். கம்பிகள் சுருங்கச் சுருங்கச் சுவர்கள் நிமிர்ந்தன. இயற்பியல் ஆசிரியர்கள் வெப்ப விரிவுக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வதுண்டு. என்னைக் கவர்வது விரிவன்று, சுருக்கம். விரியும்போது கம்பி எதையும் தள்ளவில்லை; திருகுக்கு இடமளித்தது, அவ்வளவே. வேலை செய்தது ஆறும் நேரம்.

ஆக, வண்டிச் சக்கரத்தில் நண்பனாக இருந்த சுருக்கம் பின்னச்சுக் கூட்டில் பகையானது ஏன்? சிறிய கணக்கொன்று போதும். எஃகு, ஒரு பாகை செல்சியஸ் சூட்டுக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். சாதாரண எஃகை இழுத்தாலோ அழுத்தினாலோ மீட்டருக்குச் சுமார் 1.25 மில்லிமீட்டர் வரை அது பழைய அளவுக்கு மீளும். அதற்கு மேல் நிரந்தரமாக இணங்கிவிடும். இரயில் சக்கர வளையத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த எல்லைக்கு உட்பட்டது. அக்கால வினைஞர்கள் இந்த எண்ணைச் சமன்பாட்டால் அடையவில்லை. அறுந்த வளையங்களும் கழன்ற வளையங்களும் கற்பித்த அளவு அது.

பற்றவைப்பில் கதை வேறு. இரும்பு உருகும் சூடு 1,500 பாகையை ஒட்டியது. அவ்விடத்து எஃகு மீட்டருக்கு 18 மில்லிமீட்டர் அளவில் நீள விரும்பும். சுற்றியுள்ள குளிர்ந்த எஃகோ விடாது. இடம் கிடைக்காத சூடான பகுதி, தன் மேலேயே அமுங்கிப் பருக்கும். சூட்டில் அதன் வலிமை குறைந்திருப்பதால் எதிர்ப்பின்றி இணங்கும். ஆறும்போது அமுங்கிய அந்த அளவிலிருந்து சுருங்கத் தொடங்குகிறது. ஆகவே சூடுபட்ட இடம் இறுதியில் முன்பிருந்ததைவிடக் குட்டையாகி நிற்கும். முற்றிலும் தடுக்கப்பட்ட எஃகில், எல்லையைத் தாண்ட 100 பாகைச் சூடு ஏறினாலே போதும் என்பதை மேற்சொன்ன எண்களே காட்டும். குழாயின் ஒரு பக்கம் குட்டையானால் குழாய் அந்தப் பக்கமாக வளைந்துதான் தீரும். மேல்பக்கத்தில் பிராக்கெட் வைத்தால் இரு முனைகளும் மேல்நோக்கி எழும். 'சூட்டில் இரும்பு விரிகிறது, அதனால் கோணுகிறது' என்று மாணவர்கள் எழுதும் விடை பாதியளவே சரி. கோணல் நிலைப்பது குளிரில்.

இனி காருக்கு வருவோம். தொடக்ககால வாகனங்கள் பலவற்றில் பின்னச்சுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. தகட்டு வில் வைத்த வண்டிகளில் அச்சுக்கூடு வில்லின்மேல் அமர்ந்து, பெரும்பாலும் யு-போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். வில்லே அச்சை முன்பின் நகராமலும் பக்கவாட்டில் நகராமலும் பிடித்துக்கொள்ளும். நம் நாட்டு அம்பாசடரின் பின்புறம் இவ்வகையே. சுருள்வில் வந்தபோதுதான் கூட்டின்மேல் பிராக்கெட்டுகள் பெருகின. சுருள்வில் எடையைத் தாங்குமே தவிர அச்சுக்கு வழிகாட்டாது. ஆகவே நீளவாட்டில் சில கைகள், குறுக்கே ஒரு கம்பி, அதிர்வடக்கிக்குத் தனி இருக்கை என ஒவ்வொன்றுக்கும் கூட்டிலிருந்து ஒரு காது நீட்ட வேண்டியதாயிற்று. பயணிகள் உணரும் சொகுசின் விலையை அச்சுக்கூடு வெப்பமாகச் செலுத்தியது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் பற்றவைப்பு அதற்கு நெடுநாள் முன்பே அச்சுக்கூட்டை எட்டியிருந்தது. 1920-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பி. ஓ. நோபல், மின்வில்லின் அழுத்தத்தை அளவுகோலாகக் கொண்டு, பூச்சற்ற கம்பியைத் தானே ஊட்டும் பற்றவைப்புப் பொறியை உருவாக்கினார். தேய்ந்த மோட்டார் தண்டுகளையும் பாரந்தூக்கிச் சக்கரங்களையும் மெத்தி நிரப்பப் பயன்பட்ட அப்பொறியை, மோட்டார் வாகனத் தொழில் பின்னச்சுக் கூடுகள் செய்ய எடுத்துக்கொண்டது. தானியங்கி மின்வில் பற்றவைப்பின் மிகத் தொடக்கப் பயன்களுள் பின்னச்சுக் கூடும் ஒன்று என்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதே 1920-இல்தான் பர்க்கென்ஹெட்டில் காமெல் லேர்டு தளத்தில் முழுதும் பற்றவைத்த கடற்கப்பலான 'ஃபுல்லகர்' நீரில் இறங்கியது. கப்பலை எல்லா நூல்களும் சொல்கின்றன. அச்சுக்கூடு ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது.

அழுத்தி வார்த்தெடுத்த இரண்டு எஃகுப் பாதிகளை எதிரெதிரே வைத்து நீளவாட்டில் இரண்டு தையல்கள் இடுவது, கூடு செய்யும் பெருவழக்கான முறை. இரு தையல்களும் நடுநிலை அச்சுக்கு இருபுறமும் சமதூரத்தில் அமைவதால், ஒன்றின் சுருக்கத்தை மற்றது ஈடுசெய்யும். பிராக்கெட்டுக்கு அந்த வாய்ப்பில்லை. அது ஒரு பக்கத்தில் மட்டுமே உட்காரும். அங்கே தொழிற்சாலை கைக்கொள்ளும் விடை எளியது, வலியது: எல்லாவற்றையும் முதலில் பற்றவைத்துவிடு, கோணலை அழுத்தப் பொறியில் நிமிர்த்து, தாங்கிகள் அமரும் இடங்களையும் முனைகளையும் இறுதியில் கடைந்துகொள். கடைசல் கடைசியாக வருவதால், முன்பு நேர்ந்த கோணல் சீவலோடு சீவலாகக் கழிந்துவிடுகிறது.

என் வாதத்தின் அச்சாணி இந்த இடம்தான். தொழிற்சாலைக்குக் கோணலை முழுதும் புரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. வரிசையை மாற்றினால் போதும். கடைந்து முடித்த, திரும்பக் கடைய வழியில்லாத பொருளின்மேல் நெருப்பு வைப்பவர்க்கே அந்தக் கட்டாயம் உண்டு. அத்தகையோர் இரு கூட்டத்தார். பழுதுபார்க்கும் பட்டறைக்காரர் ஒருவர். பாலமும் கப்பலும் கட்டியவர் மற்றொருவர். பாலத்தைக் கட்டி முடித்தபின் கடைசல் பொறியில் ஏற்ற முடியாது. சுருக்கத்தைப் பற்றிய எழுத்துவழி அறிவு கார் ஆலைகளிலன்றிப் பெரிதும் பாலங்களையும் கப்பல்களையும் சுற்றியே வளர்ந்ததை இவ்வாறே நான் விளங்கிக்கொள்கிறேன்.

1935-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த அறிவியல் மாநாட்டில் டேனியல் ரோசெந்தால், நகர்ந்து செல்லும் வெப்பமூலத்தைச் சுற்றி உலோகத்தில் சூடு எவ்வாறு பரவும் என்பதைக் கணித்துக் காட்டினார். பின்னர் அமெரிக்காவில் 1941-லும் 1946-லும் அதை விரித்து வெளியிட்டார். அவருடைய தீர்வைப் படத்தில் வரைந்தால், மின்வில்லுக்கு முன்னால் நெருக்கமாகவும் பின்னால் வால்வெள்ளிபோல் நீண்டும் செல்லும் சமவெப்பக் கோடுகள் கிடைக்கும். எந்த இடம் எவ்வளவு சூடேறியது, எவ்வளவு விரைவில் ஆறியது என்பதைத் தாளில் சொல்ல முடிந்தது அதன் பிறகே. அதே பெல்ஜியத்தில் ஆல்பர்ட் கால்வாயின்மேல் ஹாசெல்ட்டில் இருந்த, முழுதும் பற்றவைத்த வியரெண்டேல் பாலம் 1938 மார்ச்சில் முறிந்து விழுந்தது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், 'ஸ்கெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் கட்டுத்துறையில் நின்றபடியே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது.

இவற்றைக் கண்டு பற்றவைப்பைப் பழித்தோர் பலர். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் செய்த ஆய்வு, குற்றத்தின் பெரும்பங்கு குளிரில் நொறுங்கும் தன்மை கொண்ட எஃகினுடையது என்று நிறுவியது. தறையாணிக் கப்பலில் விரிசல் தகட்டின் விளிம்போடு நிற்கும். பற்றவைத்த கப்பலிலோ ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குத் தடையின்றி ஓடும். எனினும் ஒரு பாடம் பற்றவைப்போர்க்கும் எஞ்சியது. சுருக்கத்தை அசையவிடாமல் கட்டிப்போட்டால் கோணல் வராது. ஆனால் அது எஞ்சிய தகைவாக எஃகுக்குள்ளேயே பதுங்கியிருக்கும். அவிழ்த்துவிட்டால் தகைவு குறையும், கோணல் வரும். கனத்த உத்திரத்தில் சங்கிலியிட்டுப் பிணைத்துவிட்டு அச்சுக்கூட்டில் பிராக்கெட் வைக்கும் பட்டறைகளை நானே பார்த்திருக்கிறேன். பிணைப்பை அவிழ்த்த கணத்தில் கூடு கொஞ்சம் துள்ளும். கட்டுவது பயனற்றதென்று சொல்லவில்லை. அது மட்டும் போதாது.

சோவியத் நாட்டில் ஒக்கர்புளோம் பற்றவைத்த அமைப்புகளின் உருத்திரிபைக் கணிக்கும் முழு நூலையே எழுதினார். 1958-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. பட்டறைக்கு மிக நெருங்கி வந்தவர் லிங்கன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஓமர் பிளாட்ஜெட். 1960-களில் வெளிவந்த அவருடைய வடிவமைப்புக் கையேடுகளில் ஒரு வரிச் சூத்திரம் இருக்கிறது. நீண்ட உத்திரம் பற்றவைப்பால் எவ்வளவு வளையும் என்பதற்கு, பற்றின் குறுக்குப் பரப்பையும், நீளத்தின் வர்க்கத்தையும், நடுநிலை அச்சிலிருந்து பற்று விலகியிருக்கும் தூரத்தையும் பெருக்கி, நிலைமத் திருப்புத்திறனால் வகுத்து, 0.005-ஆல் பெருக்கச் சொல்கிறது அது. நுண்ணிய கொள்கையன்று, அனுபவத்தில் வடித்த எண்.

அதை நம் கூட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். வெளிவிட்டம் 76 மில்லிமீட்டர், சுவர்த் தடிப்பு 6 மில்லிமீட்டர் கொண்ட குழாய். ஒரு பக்கத்தில் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு 5 மில்லிமீட்டர் அளவில் இரண்டு மூலைப்பற்றுகள். அங்கிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளியுள்ள முனை எவ்வளவு விலகும்? கணக்கு 1.9 மில்லிமீட்டர் என்கிறது. நீண்ட உத்திரத்துக்கான சூத்திரத்தைக் குட்டைப் பற்றுக்கு இழுத்துப் பொருத்துவதால் இந்த எண்ணைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். ஆனாலும் வெல்டர் நூல் பிடித்துக் காட்டிய அளவை அது அடுத்து வந்து நின்றபோது சற்றே திகைத்தேன்.

சூத்திரம் இன்னொன்றும் சொல்கிறது. பற்றின் பரப்பு நேரடியாகப் பெருக்கலில் நிற்கிறது. மூலைப்பற்றின் கால் அளவு இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், வளைவும் அவ்வாறே. 'நல்லா கெட்டியா வை' என்று வண்டிக்காரர் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் வரியும் கூட்டை வளைக்கிறது. கோணலைத் தடுக்கும் முதல் வழி, தேவைக்கு மேல் உலோகத்தை வைக்காதிருப்பது. மற்றவையெல்லாம் இதற்கு அடுத்தபடியே.

இதற்கிடையில் சுருக்கத்தை மீண்டும் நண்பனாக்கிய ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த ஜோசப் ஹோல்ட், வளைந்த எஃகு உறுப்புகளை நெருப்பைக் கொண்டே நிமிர்த்தும் கலையில் வல்லவர். 1938-இல் ஒரு தட்டச்சுப் படியாக அவர் வெளியிட்ட குறிப்பின் தலைப்பே, சுருக்கம் ஆபத்தில் உதவும் நண்பன் என்னும் பொருளது. புடைத்த பக்கத்தில் ஆப்பு வடிவில் சிவக்கச் சூடேற்றி ஆறவிட்டால், அந்தப் பக்கம் குட்டையாகி உறுப்பு நிமிரும். மொலாரின் சுவரும், நம் வண்டிப்பட்டையும், ஹோல்ட்டின் ஆப்புச் சூடும் ஒரே குடும்பம். வேறுபாடு ஒன்றுதான்: முன்னிரண்டில் இரும்பு மீள்நிலைக்குள் நின்று இழுக்கிறது, ஹோல்ட் வேண்டுமென்றே எல்லையைத் தாண்டவைக்கிறார்.

நம் நாட்டில் இந்த அறிவு இரு தடங்களில் வந்தது. ஒன்று நிறுவனத் தடம். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய இரயில்பெட்டித் தொழிற்சாலை, சுவிஸ் நிறுவனமொன்றின் உதவியுடன் முழுதும் பற்றவைத்த எஃகுப் பெட்டிகளைச் செய்தது. 1975-இல் திருச்சிராப்பள்ளி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆய்வு நிறுவனம் அமைந்தது. இத்தடத்துக்கு ஆவணங்கள் உண்டு. மற்றொன்று சாலையோரத் தடம். 1953-இல் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை அடுத்து, இங்கே உற்பத்தித் திட்டம் இல்லாத அயல்நாட்டு நிறுவனங்கள் வாகனம் பொருத்தும் தொழிலைக் கைவிட்டன. 1928 முதல் பம்பாயில் இயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1954-இல் மூடப்பட்டது. அந்த வண்டிகள் சாலையில் இருந்தன, ஆலை இல்லை. உடைந்த கூட்டுக்குப் புதிய கூடு கிடைக்காத நாட்டில், உடைந்ததையே பற்றவைத்து, கோணாமல் பற்றவைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் பொருளாதார வரலாற்றை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அது கைகளில் விளைவித்த திறன் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

புதுப்புனைவுகளை மட்டும் பின்தொடரும் வரலாறு, பயன்பாட்டையும் பராமரிப்பையும் காணத் தவறுகிறது என்று டேவிட் எட்ஜெர்டன் 2006-இல் வாதிட்டார். அதற்கு முன்பே, 1987-இல், டக்ளஸ் ஹார்ப்பர் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் ஒற்றை மெக்கானிக்கைப் பற்றி ஒரு முழு நூல் எழுதிக் காட்டினார். தமிழில் ஆய்வு செய்வோர் இவ்விரண்டையும் மேற்கோளில் அடுக்குகிறோம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிப் பட்டறைகள் வரிசையாக நிற்க, அங்கே போய் உட்கார நமக்கு நேரமில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நான் புனேக்குப் போய்த்தான் சேலத்துக்காரரைக் கண்டேன்.

அன்று அவர் செய்ததைப் பதிவுசெய்து முடிக்கிறேன். முதலில் அச்சுத்தண்டுகளையும் தாங்கிகளையும் சீல்களையும் கழற்றினார். பழைய பிராக்கெட்டை வெட்டி, பற்றின் எச்சத்தைச் சாணைச் சக்கரத்தால் தேய்த்து எடுத்தார். அப்போதே வளைவு சற்றுத் தளர்ந்ததை நூல் காட்டியது. கூட்டின் இரு முனைகளிலும் நடுவிலும் கடைந்த வட்டுகளைப் பொருத்தி, அவற்றின் துளை வழியே நேரான எஃகுத் தண்டைச் செலுத்தினார். தண்டு கையால் தள்ளினால் நகர வேண்டும். சிக்கினால் கூடு கோணுகிறது என்று பொருள். மின்சுற்றின் எர்த் கவ்வியைப் பிராக்கெட்டுக்கு ஒட்டியே மாட்டினார். நான்கு மூலைகளிலும் டாக் வைத்தார். பின்னர் ஒரு விரற்கடை நீளம் ஒரு பக்கம், ஆறவிட்டு எதிர்மூலையில் அடுத்த விரற்கடை. ஒவ்வொரு முறையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். கை பொறுக்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டார். நூறு மில்லிமீட்டர்ப் பற்றுக்கு அரைநாள் ஆயிற்று.

"தண்ணி ஊத்தினா சீக்கிரம் ஆறிடாதாண்ணே?" என்று, வண்டிப்பட்டையை நினைத்துக் கேட்டேன்.

"அது பச்சை இரும்பு சார், தாங்கும். இதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்? திடீர்னு குளிர்ந்தா கெட்டிப்பட்டு, ஒரு நாள் பற்று ஓரமாவே வெடிக்கும்."

எஃகில் கரி மிகுந்தால் விரைந்து குளிரும்போது கடினமாகி நொறுங்கும் என்பதைப் பாடநூல் வேறு சொற்களில் சொல்கிறது.

முடிவில் தண்டு ஒரு முனையில் இலேசாக உரசியது. கேஸ் டார்ச்சை எடுத்து, பிராக்கெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசளவு இடத்தைச் சிவக்கச் சூடேற்றி விலகினார். "சூடு பட்ட பக்கம் இழுக்கும் சார். இழுக்காம இருக்காது. அதான் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொடுத்தேன்." ஜோசப் ஹோல்ட்டின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. யாரிடம் கற்றீர்கள் என்றதற்கு, பவானியில் லாரி பாடி கட்டிய ஒரு பெரியவரைச் சொன்னார். அப்பெரியவர் அதற்கு முன் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டவராம்.

தேநீர் குடித்துவிட்டு வந்தோம். தண்டைத் தள்ளினார், மறுமுனையில் வந்து நின்றது. சூடேற்றிய இடத்தைச் சுற்றி, ஆறாத இரும்பு என்று பையன்கள் தொடாதிருக்கச் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார்.